கார்பன் சந்தையில் கடைமடை

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டத்தின் மானாவாரி வயல்களில் நெல் விதைக்கும் நாளன்று தண்ணீர் இருப்பதில்லை. கோடைமழை ஈரத்தில் உழுது போட்டு, ஆவணி புரட்டாசியில் புழுதியிலேயே விதையைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பது இங்குள்ள வழக்கம். ஐப்பசியில் வானம் கைகொடுத்துக் கண்மாய் நிறைந்தால் பயிர் தேறும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடையும் இந்தப் பக்கம்தான். மேட்டூர் திறந்து, தஞ்சை மாவட்டத்து வயல்களையெல்லாம் கடந்து, நாகுடி வரை தண்ணீர் வந்து சேர்வதற்குள் பருவத்தில் பாதி போய்விடும் ஆண்டுகளும் உண்டு.

இந்த வயல்களை இன்று உலகத்தின் கார்பன் சந்தையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம் மீத்தேன்.

தண்ணீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளைத் தின்று மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயு நெற்பயிரின் தண்டு வழியாக மேலே வந்து காற்றில் கலக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயு செய்யும் அளவுக்குப் புவியைச் சூடாக்கும். வயலில் எப்போதும் தண்ணீரைக் கட்டி வைக்காமல் இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் இது ஏறக்குறையப் பாதியளவுக்குக் குறையும். தமிழக விவசாயிகள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்லும் முறைதான் இது. வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து நீர்மட்டம் பார்த்துப் பாய்ச்சச் சொல்லி வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் வலியுறுத்தி வருகின்றன. இப்படிக் குறையும் மீத்தேனைக் கரியமில வாயுக் கணக்காக மாற்றி, ஒரு டன்னுக்கு ஒரு கார்பன் வரவு என்று சான்று வாங்கி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்பதற்கென்றே இடைத்தரகு நிறுவனங்கள் இந்தியாவெங்கும் முளைத்திருக்கின்றன. ஒன்றிய வேளாண் அமைச்சகமும் விவசாயிகளைத் தன்னார்வக் கார்பன் சந்தையில் சேர்ப்பதற்கான ஒரு வழிமுறையை 2024 ஜனவரியில் வெளியிட்டது.

கேட்பதற்கு நல்ல செய்திதான். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கடைமடைக்கு அதில் என்ன இடம் என்பது தெரியவரும்.

ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி, நெல் வயல்களின் மீத்தேனைக் கணக்கிட ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. பருவம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் வயலை 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். பலமுறை காயவிட்டுப் பாய்ச்சும் வயலுக்கு 2019-இல் திருத்தப்பட்ட மதிப்பு 0.55. வறட்சிக்கு ஆளாகும் மானாவாரி வயலுக்கு 0.16. அதாவது, புழுதியில் விதைத்துவிட்டு மழையை நம்பியிருக்கும் வயல், கார்பன் திட்டத்தில் சேர்ந்து பாராட்டு வாங்கும் ஆற்றுப்பாசன வயலைவிட ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மீத்தேன் விடுகிறது. அதற்கு எந்தச் சந்தையிலும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. கார்பன் வரவு என்பது குறைவாக வெளியிடுபவருக்குத் தரும் பரிசாக இல்லை. முன்பு நிறைய வெளியிட்டு, பிறகு குறைத்துக்கொண்டவருக்குத் தரும் விலையாகத்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

நேர்மையான கணக்குப் போட்டால் தொகை எவ்வளவு வரும்? தெற்காசியாவுக்கு ஐபிசிசி தரும் பொதுமதிப்புப்படி, நீர் நிற்கும் வயல் ஒரு எக்டேரில் நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் விடுகிறது. 112 நாள் பயிருக்கு 95 கிலோ. காய்ச்சலும் பாய்ச்சலுமாக மாறினால் மிச்சமாவது சுமார் 43 கிலோ. கரியமில வாயுவாக்கினால் எக்டேருக்கு 1.2 டன், ஏக்கருக்கு அரை டன். டன்னுக்குப் பத்து டாலர் விலை என்று வைத்தால்கூட ஏக்கருக்கு ஐந்து டாலர். சான்றளிப்பவர், செயற்கைக்கோள் படம் எடுப்பவர், களப்பணியாளர், தரகர் எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் விவசாயிக்கு. ஒரு மூட்டை யூரியா வாங்கும் காசு கையில் நின்றால் பெரிது. காயவிடும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு கூடலாம் என்பதையும் கழித்தால் தொகை இன்னும் சுருங்கும்.

பொய்க் கணக்குப் போட்டால்? கடைமடையின் மானாவாரி வயலை ‘முன்பு எப்போதும் தண்ணீர் நின்ற வயல்’ என்று ஏட்டில் எழுதிவிட்டால் போதும். விவசாயி தன் பழக்கத்தில் ஒரு துரும்பைக்கூட மாற்ற வேண்டாம். எக்டேருக்கு 2.2 டன் வரவு எழுந்துவிடும். நேர்மையான திட்டத்தில் வருவதைப்போல ஏறக்குறைய இருமடங்கு. வானத்தில் ஒரு கிலோ வாயுகூடக் குறைந்திருக்காது. அந்தச் சான்றை வாங்கிய வெளிநாட்டு ஆலையோ விமான நிறுவனமோ அதைக் காட்டி வழக்கம்போல் புகை விடும். மொத்தத்தில் உலகுக்கு நஷ்டம். நோயாளியின் பழைய எடையைக் கூட்டி எழுதிவிட்டு, மருந்தால் இவ்வளவு இளைத்தார் என்று காட்டுவது போன்ற வேலை இது. கார்பன் வணிகத்தின் வெற்றியும் தோல்வியும் அந்தப் பழைய எடையை எழுதும் கையில்தான் இருக்கின்றன.

இது வெறும் கற்பனை அச்சம் இல்லை. உலகின் பெரிய சான்றளிப்பு அமைப்பான வெர்ரா, நெல் மீத்தேன் திட்டங்களுக்குப் பயன்பட்டு வந்த பழைய கணக்கீட்டு முறையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. சீனாவில் பதிவான 37 நெல் திட்டங்களை 2024 ஆகஸ்டில் நிராகரித்தது. புதிய, கடுமையான முறையை 2025-இல்தான் கொண்டுவந்தது.

இதையெல்லாம் பார்த்துக் கார்பன் வணிகமே ஏமாற்று என்று தள்ளிவிடுவது எளிது. அது சரியான முடிவாகாது என்பதற்குத் தமிழகமே சாட்சி.

1997 டிசம்பரில் கியோட்டோவில் உருவாகி 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், தூய்மை வளர்ச்சி ஏற்பாடு என்ற ஒன்றைத் தந்தது. பணக்கார நாடுகள் தங்கள் குறைப்புக் கடமையில் ஒரு பகுதியை இந்தியா, சீனா போன்ற நாடுகளில் மலிவாக நிறைவேற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இதில் சீனாவுக்கு அடுத்து அதிகம் பயன்பெற்றது இந்தியா. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயிலும் தேனி, உடுமலைப் பக்கத்திலும் நின்ற காற்றாலைகள் பலவும் இந்தப் பட்டியலில் இடம்பிடித்தன. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் தன் உறுப்பினர்களின் நூற்றுக்கணக்கான காற்றாலைகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பதிவு செய்தது. ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாகப் போயிருந்தால் ஆவணச் செலவே வருமானத்தைத் தின்றிருக்கும். கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, தன் கழிவுநீரிலிருந்து எழும் மீத்தேனைப் பிடித்து எரிபொருளாக்கும் திட்டத்தைப் பதிவு செய்தது. காற்றில் வீணாகிக் கேடு செய்த வாயு, உலை எண்ணெய்க்கு மாற்றாகச் சுண்ணாம்புச் சூளையில் எரிந்தது. கண்முன்னே அளக்க முடிந்த, மறுக்க முடியாத பலன் அது.

சான்று விற்ற பணத்தைத் தவிர, அளக்கும் பழக்கமும் வந்தது. எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு வாயு என்று மீட்டர் வைத்துக் கணக்கெழுதி, வெளியாள் வந்து சரிபார்க்கும் ஒழுங்கு இந்தியத் தொழிற்சாலைகளுக்கு இந்த வழியாகத்தான் பெரிதும் அறிமுகமானது. இன்று இந்தியா சொந்தமாக ஒரு கார்பன் சந்தையை அமைக்க முடிகிறது என்றால் அந்தப் பயிற்சிக்கு அதில் பங்குண்டு.

ஆனால் காற்றாலைக் கணக்கிலும் அந்தப் பழைய எடைச் சிக்கல் இருந்தது. கார்பன் காசு இல்லாவிட்டால் இந்தத் திட்டம் வந்திருக்காது என்று காட்டினால்தான் வரவு தர வேண்டும் என்பது விதி. தமிழக நூற்பாலைகள் காற்றாலை நட்டதற்கு வேறு வலுவான காரணங்கள் இருந்தன. மின்வெட்டு, ஏறும் மின்கட்டணம், உபரி மின்சாரத்தை மின்வாரியத்திடம் சேமித்து வைத்துத் திரும்பப் பெறும் வசதி, முதலீட்டில் 80 சதவீதத்தை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளும் வரிச்சலுகை. இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் குழு ஒன்று, வரவு பெற்றவற்றில் குறைந்தது 52 சதவீதம், அந்தக் காசு இல்லாமலே கட்டப்பட்டிருக்கக்கூடிய ஆலைகளுக்குப் போனது என்று 2021-இல் கண்டது. காற்றாலைகள் நல்லவை, அவை வந்ததில் தமிழகம் பெருமைப்படலாம். சிக்கல் விற்ற சான்றில். ஐரோப்பாவில் ஓர் அனல்மின் நிலையம் அந்தச் சான்றைக் காட்டிக் கூடுதலாக நிலக்கரி எரித்திருந்தால், அந்தப் புகைக்கு ஈடாக இங்கே எதுவும் குறைந்திருக்கவில்லை.

குளிர்சாதன வாயு ஆலைகளின் கதை இன்னும் கூர்மையானது. அவற்றில் எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு பிறக்கும். கரியமில வாயுவைப்போல 11,700 மடங்கு என்று அன்றைய ஏடுகளில் அதற்குக் கணக்கு. அதை எரித்து அழிக்க ஆகும் செலவு மிகச் சொற்பம், கிடைத்த வரவோ மலையளவு. இந்தியாவிலிருந்து முதலில் பதிவான பெருந்திட்டங்களில் இவையும் அடக்கம். அழிப்பதற்காகவே சில நாடுகளில் அந்த வாயு கூடுதலாக உண்டாக்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2013 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தச் சான்றுகளை ஏற்பதை நிறுத்தியது. 2016 அக்டோபரில் இந்திய அரசு ஒரே உத்தரவில், உற்பத்தியாளர்கள் இந்தக் கழிவைத் தங்கள் செலவிலேயே அழிக்க வேண்டும் என்றது. சட்டத்தால் முடியும் காரியத்துக்குச் சந்தையில் கோடிகோடியாகக் கொடுத்திருந்தார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

விலையும் சரிந்தது. 2008-இல் டன்னுக்கு 20 யூரோவைத் தாண்டிய சான்று, 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே போனது. அந்தப் பணத்தை நம்பி வீடுகளுக்கு 15 ரூபாய்க்குச் சிஎஃப்எல் விளக்கு கொடுத்த ‘பச்சத் விளக்குத் திட்டம்’ போன்றவை ஆதாரம் இழந்தன. வருமானம் வரும் என்று காத்திருந்த சிறு திட்டங்கள் பல, சரிபார்ப்புக் கட்டணம் கட்டக்கூட வழியின்றி ஒதுங்கின.

பாரிஸ் ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு இந்தப் பாடங்களிலிருந்து எழுந்தது. அதன் விதிகள் 2021-இல் கிளாஸ்கோவில் பெரும்பாலும் முடிவாகி, 2024 நவம்பரில் பாகுவில் நிறைவு பெற்றன. முக்கியமான மாற்றம் ஒன்று: இந்தியா ஒரு டன்னைச் சுவிட்சர்லாந்துக்கு விற்றால் அந்தக் குறைப்பை இந்தியா தன் கணக்கில் சொல்லிக்கொள்ள முடியாது. ஏட்டில் கழித்தாக வேண்டும். ஒரே டன்னை இருவர் எண்ணுவது இதனால் தடைபடுகிறது. இந்த விதிகளின்படி நடந்த முதல் கைமாற்றம் 2024 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. பாங்காக்கில் ஓடும் மின்சாரப் பேருந்துகளால் குறைந்த வாயுவைச் சுவிட்சர்லாந்து வாங்கியது.

விற்ற டன்னைத் தன் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்றால், எதை விற்பது என்பதில் ஒரு நாடு கவனமாக இருக்க வேண்டும். மலிவாகக் குறைக்கக்கூடியதையெல்லாம் இன்று பிறருக்கு விற்றுவிட்டால், நாளை சொந்த இலக்குக்கு விலையுயர்ந்த வழிகளே மிஞ்சும். இந்தியா இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. ஆறாம் பிரிவின்கீழ் வெளிநாட்டுக்கு விற்கத் தகுதியானவை என்று 2023 பிப்ரவரியில் 13 வகைச் செயல்களைப் பட்டியலிட்டது. பசுமை ஹைட்ரஜன், கடல் காற்றாலை, கடலலை மின்சாரம், சேமிப்போடு கூடிய புதுப்பிக்கத்தக்க மின்சாரம், கரியமில வாயுவைப் பிடித்துப் புதைத்தல் என்று இன்னும் சந்தை விலையில் கட்டுப்படியாகாதவைதான் அதில் உள்ளன. கரையில் நடும் சாதாரணக் காற்றாலை அதில் இல்லை, நெல் வயலும் இல்லை. மன்னார் வளைகுடாவில் திட்டமிடப்பட்டுள்ள கடல் காற்றாலைகளுக்கு இந்தப் பணம் உண்மையிலேயே தேவைப்படும். அங்கே இது நியாயமான பயன்பாடு.

வாங்குவோரும் வரிசையில் நிற்கிறார்கள். சிங்கப்பூர் தன் கார்பன் வரியை 2024-இல் டன்னுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளியாக உயர்த்தியது, 2026-இல் 45 வெள்ளி. வரி கட்டும் ஆலைகள் தம் வெளியீட்டில் ஐந்து சதவீதம் வரை வெளிநாட்டு வரவுகளால் ஈடுசெய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் தன் 2040 இலக்கில் ஐந்து சதவீதப் புள்ளிகள் வரை 2036 முதல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள 2025 இறுதியில் உடன்பாடு கண்டது. ஜப்பானோடு கூட்டு வரவு ஏற்பாடு ஒன்றில் இந்தியா 2025 ஆகஸ்டில் கையெழுத்திட்டது. ஆகவே இந்தச் சந்தை வளரும். அது எப்படி வளர வேண்டும் என்பதில்தான் தமிழகம் குரல் கொடுக்க வேண்டும்.

அந்தக் குரல் முதலில் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து எழ வேண்டும் என்பதற்கு மரங்களும் ஒரு காரணம். கார்பன் திட்டங்களில் மரம் நடுவது போல் படத்துக்கு அழகானது வேறில்லை. ஆனால் இந்த மாவட்டத்துக்குத் தைலமரத்தின் அனுபவம் இருக்கிறது. வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகள் கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் விரிந்து கிடக்கின்றன. அந்தக் காடுகளுக்குள் மழைநீரைத் தேக்கப் போடப்படும் வரப்புகள், வரத்துவாரி வழியாகக் கண்மாய்க்கு வர வேண்டிய நீரைத் தடுக்கின்றன என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள், நீதிமன்றமும் ஏறியிருக்கிறார்கள். மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் விவசாயம். வேகமாக வளரும் தைலமரம் கார்பன் ஏட்டில் நிறைய டன்களைக் காட்டும். அது குடித்த தண்ணீருக்கு அந்த ஏட்டில் பத்தி கிடையாது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் தைலமரத் தோட்டத்துக்குக் கார்பன் வரவு கேட்டபோது அங்குள்ள மக்கள் அமைப்புகள் எதிர்த்ததும் இதே நீரும் நிலமும் காரணமாகத்தான்.

மரம் நிலைக்குமா என்ற கேள்வியும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் தலைமுறைகளாக நின்ற தென்னையும் மாவும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. ஒரு மரம் நூறு ஆண்டு கார்பனைப் பிடித்து வைத்திருக்கும் என்று விற்ற சான்று, இந்தக் கடற்கரையில் எத்தனை ஆண்டுக்குச் செல்லும்? இந்த அச்சத்தால்தான் தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டில் மரங்களுக்குத் தற்காலிக வரவு மட்டும் தந்தார்கள், ஐரோப்பியச் சந்தை அதைக்கூட ஏற்கவில்லை. இன்று தன்னார்வச் சந்தையில் அந்த எச்சரிக்கை தளர்ந்திருக்கிறது. மரம் வேண்டாம் என்பதில்லை. மணமேல்குடிக் கரையோரம் அலையாத்தி வேண்டும், கண்மாய்க் கரையில் பனையும் புங்கனும் வேண்டும். அவற்றை ஊரின் பாதுகாப்புக்காக நடலாம். வேறு நாட்டின் புகைக்கு நூறாண்டு உத்தரவாதமாக எழுதிக்கொடுப்பது வேறு காரியம்.

இன்னொன்று, யாருடைய கையெழுத்து என்பது. கார்பன் ஒப்பந்தம் பெரும்பாலும் பட்டாதாரரோடு போடப்படுகிறது. இந்தப் பக்கத்தில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுவோர் ஏராளம். ஆவுடையார்கோவில் ஆத்மநாத சுவாமி கோயிலை நிர்வகிக்கும் திருவாவடுதுறை ஆதீனம் போன்ற மடங்களுக்கும் கோயில்களுக்கும் காவிரிப் படுகையெங்கும் நிலங்கள் உண்டு, அவற்றில் பாடுபடுவது குத்தகைக்காரர்கள். காயவிட்டுப் பாய்ச்சினால் களை கூடும், களையெடுப்புச் செலவும் கூடும். அதைச் சுமப்பவர் உழுபவர். காசு மட்டும் பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போனால் அது அநீதி. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2023-இல் இந்தியத் தன்னார்வச் சந்தையை ஆராய்ந்து, விலை என்ன, விவசாயிக்கு எவ்வளவு என்பதெல்லாம் ரகசியமாகவே வைக்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது. ஆப்பிரிக்காவில் தொடங்கித் தமிழகத்துக்கும் வந்த டிஸ்ட் என்ற சிறு விவசாயிகள் மரத்திட்டம், நிகர லாபத்தில் 70 சதவீதம் விவசாயிக்கு என்று எழுதிவைத்துச் செயல்படுகிறது. அப்படி எழுதிவைப்பதைச் சட்டக் கட்டாயமாக்குவதில் அரசுக்கு என்ன தயக்கம் இருக்க முடியும்?

இந்தியாவின் சொந்தச் சந்தையில் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. கார்பன் வரவு வணிகத் திட்டம் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது. சிமெண்டு, அலுமினியம், காகிதம், குளோர் ஆல்கலித் துறைகளின் 282 ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்கு வந்துவிட்டது. ஒரு டன் சிமெண்டுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பை மீறினால் சான்று வாங்க வேண்டும், மீறாதவர் விற்கலாம். அரியலூர் சிமெண்டு ஆலைகளின் உலைக்குப் பக்கத்திலேயே மீட்டர் இருக்கும், வாங்கிய நிலக்கரிக்குப் பில் இருக்கும். இங்கே பழைய எடையைக் கூட்டி எழுதுவது கடினம். கார்பன் வணிகம் தன் வலிமையைக் காட்டக்கூடிய இடம் இதுவே. இலக்குகள் தளர்வாக இருந்தால் சான்றுகள் குவிந்து விலை விழும் என்பதைக் கியோட்டோ காலம் காட்டியிருக்கிறது. வரம்பை ஆண்டுதோறும் இறுக்க வேண்டும். மொத்த வெளியீட்டுக்கும் ஒருநாள் உச்சவரம்பு வர வேண்டும்.

அதே திட்டத்தில், இலக்கு இல்லாதவர்களும் வரவு ஈட்டி விற்கும் ஈடுசெய் பகுதியும் உண்டு. அலையாத்தி நடுதல், சாண எரிவாயு, குப்பைமேட்டு மீத்தேன் போன்றவற்றுக்கான கணக்கீட்டு முறைகள் 2025-இல் வந்தன. நெல்லும் ஒருநாள் வரும். அப்போது மாநிலத்துக்கு ஒரே அடிக்கணக்கு, அதாவது ஒரே பழைய எடை, என்று வைத்தால் திருவாரூரின் நீர் நின்ற வயலும் ஆவுடையார்கோவிலின் புழுதி வயலும் ஒன்றாகிவிடும். வட்டம் வாரியாக, பாசன ஆதாரம் வாரியாக அடிக்கணக்கு வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்த வயல் மானாவாரி, எது கண்மாய்ப் பாசனம், எது கால்வாய்ப் பாசனம் என்று பருவந்தோறும் பதிவாகிறது. அதைவிட நல்ல சாட்சி எந்தச் செயற்கைக்கோளும் தராது. அந்த அடிக்கணக்கைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசித்து ஒப்புதல் பெற்ற பிறகே திட்டம் பதிவாக வேண்டும்.

கடைமடைக்குச் சந்தையிலிருந்து கிடைக்க வேண்டியது வேறொரு வழியில் இருக்கிறது. தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டில் வழங்கிய சான்றுகளில் இரண்டு சதவீதத்தைத் தகவமைப்பு நிதியத்துக்கு ஒதுக்கினார்கள். அவற்றை விற்று அந்த நிதியம் 20 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. இந்தியாவில் அந்த நிதியத்தின் செயல் அமைப்பு நபார்டு. ராஜஸ்தானிலும் தமிழகத்திலும் நீர்வடிப்பகுதிகளைப் பருவநிலை மாற்றம் தாங்கும்படி வலுப்படுத்தும் திட்டத்துக்குச் சுமார் 13 லட்சம் டாலர் அங்கிருந்து வந்தது. யாருடைய பழைய எடையையும் எழுத வேண்டியிருக்கவில்லை. எவருடைய புகைக்கும் அது ஈடாகவில்லை. குறைவாக வெளியிட்டு நிறையப் பாதிக்கப்படும் ஊருக்கு, வெளியிடுபவரின் வணிகத்திலிருந்து நேராக ஒரு பங்கு வந்தது, அவ்வளவுதான்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் ஐநா மேற்பார்வைச் சந்தையில் இந்தப் பங்கு ஐந்து சதவீதமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் இரு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் அது கட்டாயமில்லை, விரும்பினால் தரலாம். இந்தியா ஜப்பானோடு செய்துகொண்டது அந்த வகைதான், பிறகு வரப்போகும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் அதே வகையாக இருக்கும். அவற்றில் ஐந்து சதவீதத்தை இந்தியாவே நிபந்தனையாக்க வேண்டும். உள்நாட்டுச் சந்தையிலும் விற்கும் ஒவ்வொரு சான்றிலிருந்தும் ஒரு பங்கை மாநிலங்களின் தகவமைப்புப் பணிக்கு ஒதுக்க விதி வேண்டும். தமிழ்நாட்டில் அதைப் பெற்றுச் செலவிடப் பசுமைக் காலநிலை நிறுவனம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்தப் பணம் ஆவுடையார்கோவிலுக்கு வந்தால் செய்ய வேண்டியது என்ன என்பதில் இங்குள்ள விவசாயிகளுக்குக் குழப்பமில்லை. தூர்ந்த வரத்துவாரிகளை எடுக்க வேண்டும், உடைந்த கலுங்குகளையும் மடைகளையும் கட்ட வேண்டும், நீர்ப்பிடிப்பில் குறுக்கே நிற்கும் வரப்புகளைத் திறக்க வேண்டும், கால்வாயின் கடைசிக் கிளைகளுக்குத் தண்ணீர் முறையாக வர வேண்டும். வட்டத்தில் எந்தக் கண்மாய்க்கு எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீட்டை நீர்வளத் துறையும் ஊராட்சி ஒன்றியமும் தயாராக வைத்திருந்தால், நபார்டின் அடுத்த விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடலாம். அந்தப் பட்டியலை மாவட்ட ஆட்சியர் இந்தப் பருவமழைக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும்.